செஞ்சிக்கு 'சி' போட்டது யார்?

"நல்ல கதைதான் சார். ஆனா இது ஏ சென்டர் படம். பி-ல சுமாராப் போகும். சி-ல ஒரு நாள் தாங்காது."

கோடம்பாக்கத்தில் ஒரு நல்ல கதையைக் கொல்ல இந்த நாலு வரி போதும். கத்தி வேண்டாம், ரத்தம் வராது. செத்ததே யாருக்கும் தெரியாது. கதை சொல்லப்போன உதவி இயக்குநர் டீயைக் குடித்துவிட்டு, பஸ் பிடித்து, மேன்ஷனுக்குத் திரும்பிவிடுவார். அடுத்த முறை வரும்போது அதே கதையில் ஒரு குத்துப்பாட்டும் நாலு சண்டையும் இருக்கும். 'சி சென்டருக்காக.'

அந்த சி சென்டரை யாராவது பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள், தினமும் நீங்களும் நானும்தான் பார்க்கிறோம். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போனால் வழியில் மூன்று மலைகளைக் கட்டிப்போட்ட மாதிரி ஒரு கோட்டை வருமே, செஞ்சி, அதுதான் சி சென்டர். அதைப்போல நூற்றுக்கணக்கான ஊர்கள்.

இந்த ஏ, பி, சி என்ன கணக்கு என்று தெரியாதவர்களுக்கு: படம் விற்கிறவர்கள் தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாக வெட்டி வைத்திருந்தார்கள். சென்னை நகரம், கோவை, மதுரை, திருச்சி, சேலம், நெல்லை என்று கூறு போட்டு, வடஆற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு மூன்றையும் சேர்த்து 'என்.எஸ்.சி.' என்று ஒரு பெயர் வைத்தார்கள். செஞ்சி அந்த என்.எஸ்.சி.யில் ஒரு புள்ளி. ஏரியாவுக்குள்ளே மறுபடி பெரிய நகரம் ஏ, நடுத்தர ஊர் பி, பேரூராட்சியும் டென்ட் கொட்டகையும் சி. புதுப் பிரிண்ட் முதலில் எங்கே போக வேண்டும், கடைசியில் எங்கே போக வேண்டும் என்ற வரிசை அது. அவ்வளவுதான். பெட்டி போகிற வரிசைக்கு வைத்த பெயர் எப்போது மூளையின் தரத்துக்கு வைத்த பெயராக மாறியது? அதைத்தான் கேட்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் பரீட்சை வைக்காமலே ஒரு பையனுக்கு 'சி கிரேடு' போட்டால் சும்மா இருப்பீர்களா? செஞ்சிக்காரனுக்குப் போட்டிருக்கிறார்கள், நாற்பது வருஷத்துக்கும் மேலாக. ஆனால் ஒரே ஒரு வருஷம் பரீட்சை நடந்தது. விடைத்தாள்கள் இன்னும் கைவசம் இருக்கின்றன. அந்த வருஷம் 1982.

கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

பிப்ரவரியில் 'மூன்றாம் பிறை' வருகிறது. பாலுமகேந்திரா படம். கதாநாயகிக்கு விபத்தில் நினைவு தப்பி மனசு குழந்தையாகிவிடுகிறது. கதாநாயகன் அவளைப் பார்த்துக்கொள்கிறான். கடைசியில் அவளுக்கு நினைவு திரும்புகிறது, இவன் யாரென்றே தெரியாமல் ரயிலில் போய்விடுகிறாள். ஹீரோ ஜெயிக்கவில்லை. வில்லன் சாகவில்லை. யாருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏ, பி, சி சாத்திரப்படி முதல் காட்சியிலேயே சுருண்டிருக்க வேண்டிய படம். நூறு நாட்களைத் தாண்டி ஓடியது. கமல்ஹாசனுக்கு நடிப்புக்கும், பாலுமகேந்திராவுக்கு ஒளிப்பதிவுக்கும் தேசிய விருது வந்தது. கண்ணதாசன் கடைசியாக எழுதிய திரைப்பாட்டும் அதில்தான். அவர் 1981 அக்டோபரிலேயே போய்விட்டார்.

அதே பிப்ரவரியில் 'பயணங்கள் முடிவதில்லை'. புது இயக்குநர் ஆர்.சுந்தர்ராஜன். பாட்டுப் பாடுகிற, நோயில் சாகிற ஹீரோ. அந்த மோகன் யாரையும் தூக்கிப் போட்டு அடிக்கவில்லை. இருமினார், பாடினார், செத்தார். ஊர் ஊராகத் திருவிழா கொண்டாடினார்கள்.

விசுவின் 'மணல் கயிறு'. மேடை நாடகத்திலிருந்து வந்த படம். எட்டு நிபந்தனை போட்டுப் பெண் தேடுகிற ஓர் ஆணின் மூக்கை உடைக்கிற கதை. படம் முழுக்கப் பேச்சு. 'வசனம் பேசிக்கிட்டே இருந்தா கிராமத்துல எழுந்து போயிடுவான்' என்பார்களே, போகவில்லை.

பாக்யராஜின் 'தூறல் நின்னு போச்சு'. வரதட்சணைத் தகராறில் நின்றுபோகிற கல்யாணம். முப்பது வருஷமாகக் கண்ணை உருட்டி பயமுறுத்திய நம்பியாரை நல்ல மனுஷனாக்கி, சிரிக்கவும் வைத்தார்கள். 'ஜனங்க ஏத்துக்கமாட்டாங்க' என்று எவராவது சொல்லியிருப்பார். ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

மணிவண்ணனின் முதல் படம் 'கோபுரங்கள் சாய்வதில்லை'. அழகில்லை என்று புருஷன் ஒதுக்கிய அருக்காணி, அவன் இன்னொருத்தியோடு வாழும் வீட்டுக்கே வேலைக்காரியாகப் போய் நிற்கிறாள். முடிவில் எனக்குச் சண்டை உண்டு. அத்தனையும் செய்தவனுக்கு அவ்வளவு சுலபமாக மன்னிப்பா? ஆனால் கலர் கலராகச் சிரிக்கும் கதாநாயகிகள் நடுவே ஓர் அருக்காணியைக் கதைக்கு நடுவில் நிறுத்தினால் ஓடாது என்ற பயத்தை அந்தப் படம் உடைத்ததா இல்லையா?

இந்த ஐந்தில் நாலு படத்தில் அன்றைய உச்ச நட்சத்திரம் எவரும் இல்லை. கணக்கை இதோடு முடிக்காதீர்கள், அந்த வருஷத்தின் பெரிய விடைத்தாள் இனிமேல்தான்.

1982 ஆகஸ்ட் 14. ஒரே நாளில் இரண்டு படங்கள். 'சகலகலா வல்லவன்', 'எங்கேயோ கேட்ட குரல்'. இரண்டுக்கும் இயக்குநர் எஸ்.பி.முத்துராமன். இரண்டுக்கும் எழுத்து பஞ்சு அருணாசலம். இரண்டுக்கும் இசை இளையராஜா. இரண்டிலும் அம்பிகா. ஒன்றில் கமல், ஒன்றில் ரஜினி. சோதனைச் சாலையில்கூட இவ்வளவு சுத்தமாக ஒரு பரிசோதனை அமையாது.

முதலாவதில் என்ன கதை? தங்கையை ஒரு பணக்கார வீட்டுப் பையன் பாலியல் வன்கொடுமை செய்கிறான். அண்ணன் என்ன செய்கிறார்? போலீஸுக்குப் போகவில்லை. பட்டணத்து நாகரிகம் கற்றுக்கொண்டு வந்து, அந்தப் பையனின் தங்கையைக் கல்யாணம் செய்து, அவள் திமிரை அடக்கி, கெடுத்தவனுக்கே தன் தங்கையைக் கட்டிவைக்கப் பாடுபடுகிறார். அதுதான் நீதி! நடுவில் மோட்டார் பைக், நடனம், சண்டை.

இரண்டாவதில் ரஜினி ஓர் அமைதியான குடியானவன். சண்டை இல்லை, ஸ்டைல் இல்லை, பன்ச் வசனம் இல்லை. பிடிக்காமல் கட்டிவைக்கப்பட்ட மனைவி இன்னொருவனோடு போய்விடுகிறாள், பிறகு மனம் திருந்தித் திரும்பி வருகிறாள். ஊர் ஒதுக்கி வைக்கிறது. அவள் செத்தபிறகு, பஞ்சாயத்தின் தடையை மீறி அவன்தான் காரியம் செய்கிறான். 'ஓடிப்போனவள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற ஒரு பெண்ணை மனுஷியாக நடத்திய படம், அதுவும் ரஜினி படம், அதுவும் 1982-ல்!

வசூலில் 'சகலகலா வல்லவன்'தான் பெரியது. மறுக்கவில்லை. ஆனால் அது வெற்றி பெற்றது செஞ்சியிலா? சென்னையிலும் நூறு நாள் தாண்டியதே! ஏ சென்டர் கைதட்டவில்லையா? இன்றைக்கும் டிசம்பர் 31 ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நட்சத்திர ஓட்டல்களிலும், டி.வி.க்களிலும், குடியிருப்பு மொட்டைமாடிகளிலும் அந்தப் படத்தின் புத்தாண்டுப் பாட்டைப் போட்டு ஆடுவது யார்? செஞ்சியில் கடலை ஆயப்போகிறவர்களா? ஏ சென்டர் ரசித்தால் அது 'ஃபன்'. சி சென்டர் ரசித்தால் 'ரசனைக் குறைவு'. நல்ல நியாயம்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். 1983-ல் அதே ஏவி.எம்., அதே முத்துராமன், 'பாயும் புலி', 'தூங்காதே தம்பி தூங்காதே'. ஒரே நாளில் வந்த இரண்டு படங்களில் ஒன்றை மட்டும் பாடப்புத்தகமாக அச்சடித்தார்கள். மற்றதை மடித்து வைத்துவிட்டார்கள். வியாபாரிகள் அப்படிச் செய்யட்டும், அது அவர்கள் பணம். ஆனால் 'நாங்க என்ன சார் பண்றது, கிராமத்தான் கேக்கறான்' என்று பழியைக் கொண்டுவந்து செஞ்சியின் தலையில் போட்டார்களே, அதுதான் அயோக்கியத்தனம்.

சரி, செஞ்சிக்காரனின் ரசனை என்ன? சினிமா வருவதற்கு முன்னால் அவன் என்ன பார்த்துக்கொண்டிருந்தான்?

தெருக்கூத்து. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய நடக்கும். செஞ்சிக்குப் பக்கத்தில் மேலச்சேரி. திரௌபதி அம்மனுக்கு அங்குள்ள கோயில்தான் ஆதி கோயில் என்பது சுற்றுவட்டார நம்பிக்கை. ஆல்ஃப் ஹில்டெபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் இந்த வழிபாட்டை ஆராய்ந்து 1988-ல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். செஞ்சியிலிருந்து குருட்சேத்திரம் வரை என்றுதான் அவரே அதற்குத் துணைத்தலைப்பு வைத்திருக்கிறார். திருவிழாவில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், ராத்திரியெல்லாம் கூத்து. துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு வதம், கர்ண மோட்சம், கடைசியில் துரியோதனன் படுகளம். நல்லவன் சாகிறான், கெட்டவனுக்காகவும் அழுகிறார்கள். நடுவில் கட்டியங்காரன் வந்து ராஜாவையே கிண்டல் அடிக்கிறான். கர்ணன் எந்தப் பக்கம் நின்றது தப்பு, எந்தப் பக்கம் நின்றிருக்கலாம் என்று விடிந்தபிறகு டீக்கடையில் விவாதம் நடக்கிறது.

இந்த மனுஷனுக்குத்தான் 'சோக முடிவு புரியாது' என்கிறார்கள். இவனுக்குத்தான் 'கனமான கதை ஏறாது' என்கிறார்கள்.

செஞ்சியின் சொந்தக் கதையே சோகக் கதைதான். தேசிங்கு ராஜா இருபத்திச் சொச்சம் வயதுப் பையன். 1714-ல் ஆற்காட்டு நவாபின் பெரும்படைக்கு எதிராகச் சின்னப் படையோடு போய்ச் சண்டையில் செத்தான். தோற்றவனைத்தான் இந்த ஊர் முந்நூறு வருஷமாகப் பாட்டாகப் பாடுகிறது. அவனோடு நின்று செத்த முஸ்லிம் நண்பனையும் சேர்த்துப் பாடுகிறது. 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்து சினிமாவாகவும் வந்தது. ஜெயித்தவன் பெயர் பாட்டில் வில்லனாக மட்டும் இருக்கிறது. ஹீரோ தோற்றால் ஜனங்கள் ஏற்கமாட்டார்கள் என்று இந்த ஊருக்கா சொல்கிறீர்கள்?

அந்தப் பக்கத்து டென்ட் கொட்டகை ஒன்றில் ஆபரேட்டராக இருந்த பெரியவர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். "மூன்றாம் பிறை ஓட்டினீங்களா ஐயா?" என்றேன்.

"ஓட்டாம? எங்களாண்ட பெட்டி வர்றதுக்குள்ள படத்துல மழை பேய ஆரம்பிச்சிடும் சார். நடுவுல எவனாவது ரெண்டு துண்டு வெட்டி வெச்சிருப்பான். அப்பவும் அந்தக் கடைசி ரீல் ஓடறப்ப ஒரு பய எழுந்திருக்கல. சோடா விக்கிற பையன்கூட கிரேட்டைக் கீழ வெச்சிட்டுப் பாத்துனு இருந்தான்."

அவர் சொன்னதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மழை. கோடு விழுந்து தேய்ந்த பிரிண்ட்டைத்தான் அந்தக் காலத்தில் 'மழை பெய்கிறது' என்பார்கள். நகரத்தில் மாதக்கணக்கில் ஓடி, தேய்ந்து, அறுந்து, ஒட்டுப்போட்ட பிரிண்ட்தான் கடைசியில் சி சென்டருக்கு வந்தது. ஒளிப்பதிவுக்கு தேசிய விருது வாங்கிய படத்தை, அந்த ஒளிப்பதிவே தெரியாத பிரிண்ட்டில், மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்து, அப்படியும் அழுதான். இவன் சி என்றால், ஏ.சி. தியேட்டரில் புதுப் பிரிண்ட்டில் பார்த்தவனுக்கு என்ன கிரேடு கொடுப்பது?

அடுத்தது சிலுக்கு ஸ்மிதா சமாச்சாரம். இது இல்லாமல் 1982-ஐப் பேச முடியாது. 'மூன்றாம் பிறை', 'சகலகலா வல்லவன்', 'மூன்று முகம்', 'கோழி கூவுது' என்று அந்த வருஷம் எங்கு திரும்பினாலும் சிலுக்கு. பாலுமகேந்திராவும் விதிவிலக்கில்லை. முடிந்து பெட்டிக்குள் கிடந்த படங்களுக்குக்கூட ஒரு சிலுக்கு பாட்டைச் சேர்த்தால் விநியோகஸ்தர் பணம் கொடுப்பார் என்ற நிலைமை. கேட்டால் என்ன சொல்வார்கள்? 'சி சென்டருக்கு சார்!'

சிலுக்கின் ஸ்டில்லை அட்டையில் போட்டு விற்ற பத்திரிகைகள் எந்த சென்டர்? அவற்றை வாங்கியவர்கள் எந்த சென்டர்? நாமும் நம் பத்திரிகைகளும்தானே! ஆசை எல்லோருக்கும் பொது, பழி மட்டும் கிராமத்துக்கு. இதில் கொடுமை, அந்தப் பெண்ணே ஆந்திராவில் ஒரு கிராமத்திலிருந்து, படிப்பைப் பாதியில் விட்டு, பிழைக்க வந்தவர். ஒரு கிராமத்துப் பெண்ணை, கிராமத்தான் கேட்கிறான் என்று சொல்லி, நகரத்துக்காரர்கள் விற்றார்கள். 'அலைகள் ஓய்வதில்லை'யில் 1981-லேயே அவர் நன்றாக நடித்துக் காட்டியிருந்தார். நடிக்க வைக்க யாருக்கும் அவசரமில்லை. 1996-ல் அவர் இறந்தபிறகுதான் 'நல்ல நடிகை' என்று எழுதினோம்.

இங்கே ஒருவர் எழுந்து, "எல்லாம் சரி, அதே 1982-ல் நல்ல படங்கள் தோற்கவும் செய்தனவே?" என்பார். நியாயமான கேள்வி. தோற்றன. இளையராஜாவின் அத்தனை நல்ல பாட்டுகளோடும் பாரதிராஜாவின் 'காதல் ஓவியம்' விழுந்தது. 'முள்ளும் மலரும்', 'உதிரிப்பூக்கள்' தந்த மகேந்திரனின் 'மெட்டி'யும் அந்த வருஷம்தான், அதை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறோம்? ஆனால் இவை சென்னையில் வெள்ளி விழா கண்டு, செஞ்சியில் மட்டும் படுத்த படங்களா? இல்லையே! ஏ சென்டர் கைவிட்ட படத்துக்கு சி சென்டர் எப்படிப் பொறுப்பாகும்? படம் சறுக்கினால் எல்லா ஊரிலும் சறுக்கும், தொட்டால் எல்லா ஊரிலும் தொடும். பெரும்பாலும் நடப்பது இதுதான். நடுவில் இருக்கிற ஏ, பி, சி சுவர் வியாபாரிகளின் கற்பனை.

இன்னொரு வகையும் உண்டு, காட்டாமலே தோற்கடித்த படங்கள். 1982 பாரதி நூற்றாண்டு. அந்த வருஷத்தில் கே.ஹரிஹரன் 'ஏழாவது மனிதன்' எடுத்தார். ரகுவரனின் முதல் தமிழ்ப் படம். எல்.வைத்தியநாதன் இசையில் பாரதியின் பாடல்கள். சிமெண்ட் ஆலையின் மாசால் அவதிப்படும் ஒரு கிராமத்தின் கதை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது. கல் குவாரித் தூசியையும் ஆலைக்கழிவையும் இன்றும் சுவாசித்துக் கொண்டிருக்கும் கிராமங்களுக்கு அதைவிடப் பொருத்தமான படம் எது? அதைத் தியேட்டரில் பார்த்தவர்கள் உங்கள் தெருவில் எத்தனை பேர்? பரிமாறாத சாப்பாட்டை 'அவனுக்குப் பிடிக்கவில்லை' என்று எழுதிவைப்பது என்ன கணக்கு?

பழைய கதை என்று நினைக்காதீர்கள். இப்போது டென்ட் கொட்டகை இல்லை, படப்பெட்டி இல்லை. டிஜிட்டலில் ஒரே நாளில் எல்லா ஊருக்கும் படம் போய்விடுகிறது. மழை நின்றுவிட்டது. ஆனால் ஏ, பி, சி நிற்கவில்லை, வேஷம் மாறியிருக்கிறது. 'மாஸ் படம் தியேட்டருக்கு, கன்டென்ட் படம் ஓ.டி.டி.க்கு' என்பதுதான் புது வாய்ப்பாடு. அதாவது கார்டு வைத்திருப்பவனுக்குக் கதை, டிக்கெட் வாங்குபவனுக்குக் காது கிழிகிற பின்னணி இசை.

'ஜெய் பீம்' ஞாபகம் இருக்கிறதா? ஒன்றுபட்ட தென்னாற்காடு மாவட்டத்தில் 1993-ல் நடந்த காவல்நிலையக் கொடுமையிலிருந்து பிறந்த படம். படத்தில் வருபவர்கள் இருளர்கள். செஞ்சி, திண்டிவனம் பக்கம் ஊருக்கு வெளியே குடிசை போட்டிருக்கிறார்களே, அவர்கள்தான். 2021 நவம்பரில் நேரடியாக ஓ.டி.டி.யில் வந்தது. கொரோனா காலம், காரணம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொரோனா முடிந்தபிறகாவது அந்த மண்ணின் கதையை அந்த மண்ணின் தியேட்டர்களில் ஒரு வாரம் ஓட்டியிருக்கலாமே? உலகம் பூராவும் பார்த்துப் பாராட்டிய படத்தை, கதைக்குச் சொந்தக்காரர்கள் செல்போன் இருந்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

ரசிகன் மாறவில்லை. 2024-ல் 'லப்பர் பந்து', 2025-ல் 'டூரிஸ்ட் ஃபேமிலி'. பெரிய நட்சத்திரம் இல்லாத, வெட்டுக்குத்து இல்லாத படங்கள், தியேட்டரிலேயே ஓடி ஜெயித்தன. 1982-ல் எழுதிய அதே விடையைத்தான் ஜனங்கள் மறுபடி மறுபடி எழுதுகிறார்கள். திருத்துகிற வாத்தியார்தான் பேப்பரைப் பிரித்துப் பார்க்க மாட்டேன் என்கிறார்.

ஏன் பார்க்கமாட்டார்? வசதியாக இருக்கிறது. படம் மோசம் என்றால் இயக்குநரைக் கேட்க வேண்டும். சம்பளம் அதிகம் என்றால் நட்சத்திரத்தைக் கேட்க வேண்டும். வட்டி அதிகம் என்றால் ஃபைனான்ஸியரைக் கேட்க வேண்டும். அவர்களையெல்லாம் கேட்டால் தொழில் போய்விடும். 'சி சென்டர் ரசிகன்' என்று முகம் இல்லாத ஓர் ஆளைச் சொல்லிவிட்டால் அவன் திரும்பி வந்து சண்டை போடமாட்டான். செஞ்சிக்காரனுக்கு சங்கம் இல்லை, பி.ஆர்.ஓ. இல்லை.

எனவே சினிமாக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நல்ல படம் எடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை, அது உங்கள் சௌகரியம். மோசமான படம் எடுத்தால், 'எனக்கு இதுதான் வரும்' என்று சொல்லுங்கள். 'எனக்கு இதுதான் பிடிக்கும்' என்று சொல்லுங்கள். கௌரவமாக இருக்கும். மூன்று மலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் கேட்டான் என்று மட்டும் சொல்லாதீர்கள். அவன் கேட்கவில்லை. அவனை யாரும் கேட்கவும் இல்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களின் ராணுவக் கோட்டைகள் என்று பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். தமிழ்நாட்டுக்கு ஒன்றே ஒன்று, செஞ்சி. பாரிஸில் கூட்டம் போட்டு உலகமே செஞ்சியை முதல் வரிசையில் உட்காரவைத்துவிட்டது. நூற்றைம்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கோடம்பாக்கத்துக்குத்தான் அது இன்னும் 'சி'.